கொல்லை சரிவா இருக்கா? மொதல்ல தண்ணி எங்க போகுதுன்னு பாருங்க

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் ஆப் பத்தியும் பேசல, ஆபீஸ் பத்தியும் பேசல. மண்ணு, கல்லு, கடப்பாரை. அவ்வளவுதான். எங்க வீட்டுக் கொல்லையில நான் கட்டுன சுவர் ஒரே மழையில விழுந்துச்சுன்னு போன எபிசோட்ல வாய் தவறிச் சொல்லிட்டேன். அதுல இருந்து "அந்தக் கதையைச் சொல்லு"ன்னு மெசேஜ் மேல மெசேஜ். சரி, சொல்றேன். ஆனா கதையோட சேர்த்து, சரிவான கொல்லையை நம்ம கையாலயே எப்படிச் சரி பண்றதுங்கறதையும் முழுசாச் சொல்லிடறேன். ஏன்னா நான் பண்ண தப்பை இப்ப உங்கள்ல யாரோ ஒருத்தர் ஒரு வீடியோவைப் பார்த்துட்டு பிளான் பண்ணிட்டு இருப்பீங்க.

மொதல்ல ஒரு கேள்வி வரும். மண்ணச்சநல்லூர்ல ஏது சரிவு? நியாயமான கேள்விதான். எங்க ஊர்னா எல்லாருக்கும் அரிசி ஞாபகம் வரும், அரவை மில்லு ஞாபகம் வரும். கொள்ளிடத்துக்கு வடக்கே, வாய்க்கால் பாசனத்துல இருக்கற ஊரு. ஊட்டியும் இல்ல, ஏற்காடும் இல்ல. தட்டையான பூமி.

ஆனா சரிவு மலையில மட்டும் இருக்கறது இல்ல. நாமளே உண்டாக்குற சரிவு ஒண்ணு இருக்கு. எங்க தாத்தா வீடு கட்டுனப்ப தெருவுல இருந்து மூணு படி ஏறித்தான் திண்ணைக்குப் போகணும். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் ஒரு படி காணாமப் போச்சு. கடைசியில ரோடு மேல, வீடு கீழ. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும், உயரம் கூடக் கூடாதுன்னு 2021 மே மாசம் தமிழ்நாடு தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டாரு. ஆனா எங்க தெரு அதுக்கு முன்னாடியே ஏறிடுச்சு. அதனால அப்பா வீட்டை இடிச்சுக் கட்டுனப்ப கடக்காலை உசத்தி, கிராவல் அடிச்சு, புது வீட்டை மேல தூக்கிட்டாரு. முன்பக்கம் ஜம்முனு ஆயிடுச்சு. பின்பக்கம்? அது அப்படியே தாத்தா காலத்து மட்டத்துலதான் இருக்கு. நடுவுல கொட்டுன மண்ணு சரிஞ்சு சரிஞ்சு ஒரு சறுக்குமரம் மாதிரி ஆயிடுச்சு. உங்க ஊர்லயும் பாதி வீட்டுக் கதை இதுதான்னு நினைக்கறேன்.

இதுல மாட்டுனது எங்க அப்பாயி. கறிவேப்பிலை, செம்பருத்தி, துளசி எல்லாம் கொல்லையோட கடைசியில இருக்கு. தினமும் காலையில சாமிக்குப் பூ எடுக்க அவங்கதான் இறங்குவாங்க. ஒரு ஐப்பசி மாசம், முந்தின நாள் மழை, கால் வழுக்கி உட்கார்ந்துட்டாங்க. எலும்பு எதுவும் உடையல, அது வரைக்கும் நல்லது. ஆனா அதுக்கப்புறம் அவங்க கொல்லைக்கு இறங்கறதே இல்ல. பின்வாசப்படியில உட்கார்ந்து செடியைப் பார்த்துட்டு இருப்பாங்க. "அந்தச் செம்பருத்தியில பூ வந்துருக்கு பாரு, பறிச்சுட்டு வா"ன்னு என்னை அனுப்புவாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் இந்த வேலையில இறங்குனேன்.

நான் கட்டுன சுவர்

கொல்லை 40 அடி நீளம், 30 அடி அகலம். மேல இருந்து கீழ 4 அடி இறக்கம். என் மண்டையில ஓடுன லாஜிக் ரொம்ப சிம்பிள்: கடைசியில ஒரு சுவர் எழுப்பு, உள்ள மண்ணைக் கொட்டு, தட்டையாயிடும். முழுசா 4 அடி வேண்டாம், 3 அடி போதும்னு கணக்குப் போட்டு, ஹாலோ பிளாக்ல சுவர் எழுப்பி, பின்னாடி டிராக்டர் டிராக்டரா மண்ணு அடிச்சேன். பூச்சு, வெள்ளை அடிச்சு, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸும் வெச்சாச்சு. லைக்குக்குக் குறைவே இல்ல.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னாடி ரெண்டு ராத்திரி தொடர்ந்து மழை. மூணாவது நாள் காலையில சுவர் நடுவுல வயிறு மாதிரி வெளிய தள்ளிட்டு நின்னுச்சு. மத்தியானத்துக்குள்ள விழுந்துருச்சு. எங்களுக்குக் கீழ இருக்கற வீட்டுக் கொல்லையில துவைக்கிற கல்லு, அடுப்பு, வெறகு எல்லாத்து மேலயும் என்னோட மண்ணு.

அந்த வீட்டு அத்தை சத்தம் போட்டிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். போடல. இடுப்புல கை வெச்சு நின்னு பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "ஏன் பாப்பா, சுவரு கட்டுன, சரி. தண்ணி எப்படிப் போகும்னு நெனச்ச?"

நான் எதுவுமே நெனைக்கல. அதான் உண்மை. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சிருக்கேன், தினமும் ஆபீஸ்ல எட்ஜ் கேஸ் பத்திப் பேசறேன். மழைங்கற கேஸ் என் டிசைன்லயே இல்ல.

அப்புறம் ரெண்டு நாள் அவங்க கொல்லையில இருந்து சட்டி சட்டியா மண்ணு அள்ளுனேன். அந்த ரெண்டு நாள்ல நான் கத்துக்கிட்டதைத்தான் இப்ப கணக்கோட சொல்றேன்.

சுவர் ஏன் விழுந்துச்சு?

மண்ணு சும்மா நிக்கறது இல்ல, சுவரைப் பக்கவாட்டுல தள்ளிட்டே இருக்கும். கீழ போகப் போக மேல இருக்கற மண்ணோட எடை கூடும், அதனால தள்ளும் கூடும். மொத்தத் தள்ளு சுவர் உயரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். அதாவது உயரம் 2 மடங்கானா தள்ளு 4 மடங்கு. 3 அடிச் சுவர் ஒண்ணு மேல வர்ற தள்ளு, ஒன்றரை அடிச் சுவர் மேல வர்ற மாதிரி 4 மடங்கு. அந்த 3 அடியை ரெண்டு ஒன்றரை அடிச் சுவரா, நடுவுல நல்லா இடைவெளி விட்டுப் பிரிச்சுட்டா, ரெண்டையும் கூட்டுனாலும் பாதித் தள்ளுதான் வரும்.

இது மண்ணோட கணக்கு மட்டும்தான். தண்ணி சேர்ந்தா? மண்ணுக்குத் தன்னைத்தானே கொஞ்சம் பிடிச்சுக்கற குணம் உண்டு. தண்ணிக்கு அது கிடையாது, முழு பலத்தோட பக்கவாட்டுல தள்ளும். சுவருக்குப் பின்னாடி மண்ணு முழுக்க ஊறி, தண்ணி வெளிய வர வழி இல்லாம நின்னா, காஞ்ச மண்ணு தள்ளுறதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல தள்ளும். என் சுவர்ல ஒரு ஓட்டை கூட இல்ல. நான் கட்டுனது சுவரே இல்ல, அடைப்பு இல்லாத தொட்டி.

எவ்வளவு தண்ணின்னும் பார்த்துடுவோம். கொல்லை 1,200 சதுர அடி. மொட்டை மாடியில பாதி, ஒரு 500 சதுர அடி, அதோட தண்ணியும் குழாய் வழியா பின்னாடிதான் ஊத்துது. 50 மில்லிமீட்டர் மழை பெஞ்சா, நம்ம ஊர் வடகிழக்குப் பருவமழையில இது ஆச்சரியமே இல்ல, மொத்தம் கிட்டத்தட்ட 7,900 லிட்டர். ஆயிரம் லிட்டர் டேங்க் எட்டு எடுத்து வெச்சு, ஒவ்வொண்ணாக் கவுத்துற மாதிரி. அது எங்கயாவது போய்த்தான் ஆகணும். நான் வழி சொல்லாததால அதுவே ஒரு வழி கண்டுபிடிச்சுது.

நம்ம பக்கம் வயல்ல கடைசியா தண்ணி போய்ச் சேர்ற இடத்தைக் கடைமடைம்பாங்க. கடைமடைக்காரருக்குத் தண்ணி வந்து சேரலன்னு சண்டை நடக்கறதை நாம பார்த்திருக்கோம். கொல்லையில இது தலைகீழ். கடைமடையில இருக்கற வீட்டுக்கு நம்ம தண்ணி, நம்ம மண்ணு எல்லாமே போய்ச் சேரும். அதனால சரிவை மாத்துறதுங்கறது நம்ம இடத்துக்குள்ள முடியற விஷயம் இல்ல. எனக்கு இது புரிய ஒரு சுவர் செலவாச்சு.

ரெண்டாவது தடவை: அளக்கறதுல இருந்து

இந்தத் தடவை தை மாசம் ஆரம்பிச்சேன். மழை முடிஞ்சு மண்ணு இறுகியிருக்கும், அடுத்த மழைக்கு முன்னாடி மண்ணு படியறதுக்கும் செடி பிடிக்கறதுக்கும் நேரம் கிடைக்கும். ஐப்பசிக்கு ஒரு மாசம் முன்னாடி ஆரம்பிச்சா திரும்ப என் கதைதான்.

அளக்க லேசர் எல்லாம் வேண்டாம். கொத்தனார் வெச்சிருப்பாரே டியூப் லெவல், தண்ணி நிரப்புன ஒரு டியூப், அது போதும். ரெண்டு முனையிலயும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும். அஞ்சு அடிக்கு ஒரு குச்சி நட்டு, ஒவ்வொரு குச்சியிலயும் மட்டம் குறிச்சு, அங்க இருந்து தரைக்கு எவ்வளவுன்னு டேப் வெச்சு எழுதுங்க. டியூப்ல காத்துக் குமிழ் இருந்தா கணக்கு தப்பும், அதை மட்டும் பார்த்துக்கோங்க. அரை நாள்ல உங்க கொல்லையோட முழு வரைபடம் கையில இருக்கும்.

அதே நேரத்துல கீழ என்ன புதைஞ்சு இருக்குன்னு கேளுங்க. செப்டிக் டேங்க், கழிவுநீர்க் குழாய், போர்வெல் பைப், கரண்ட் ஒயர். வீட்டுப் பெரியவங்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

இப்ப ஒரு கணக்கு. இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியமா இருந்துச்சு. எங்க கொல்லையை முழுசா தட்டையாக்க எவ்வளவு மண்ணு வேணும்? 40 அடி நீளம், 30 அடி அகலம், ஒரு முனையில 4 அடி ஆழம், இன்னொரு முனையில சைபர். பாதியாக்குனா 2,400 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட், ஆக 24 யூனிட். அதையே மூணு தட்டாப் பிரிச்சு, ஒவ்வொரு தட்டுலயும் மேல் பாதி மண்ணை வெட்டி அதே தட்டோட கீழ் பாதியில போட்டா? வெட்ட வேண்டிய மண்ணு மொத்தம் சுமார் 200 கன அடி. ரெண்டு யூனிட். வெளியில இருந்து ஒரு சட்டி மண்ணு கூட வாங்க வேண்டாம். மண்வெட்டியும் முதுகும் இருந்தாப் போதும். என் முதுகு ஏழு சனி, ஞாயிறு எடுத்துக்கிச்சு. தம்பியும் அவன் பிரெண்ட்ஸும் வந்தாங்க, கூலி பரோட்டா.

மலைக்காரங்க இதைத்தான் காலங்காலமாப் பண்றாங்க. கொடைக்கானல் பூம்பாறைப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், பூண்டும் கிழங்கும் போடற படிப்படியான வயல். யாரும் மலையைத் தட்டையாக்கப் பார்க்கல.

எங்க 4 அடி இப்ப இப்படிப் பிரிஞ்சுது: வீட்டை ஒட்டி அரை அடி, அப்புறம் ஒன்றரை அடிச் சுவர், அப்புறம் இன்னொரு ஒன்றரை அடிச் சுவர், கடைசி அரை அடிக்கு சுவரே இல்ல, வெறும் வரப்பு. தட்டு ஒவ்வொண்ணும் 13 அடி. சுவருக்கும் சுவருக்கும் இடைவெளி, சுவர் உயரத்துல குறைஞ்சது ரெண்டு மடங்காவது இருக்கணும். கிட்டக்கிட்ட கட்டுனா மேல் சுவரோட பாரம் கீழ் சுவர் மேல இறங்கிடும், பிரிச்சதுக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும்.

சுவர், இந்தத் தடவை ஓட்டையோட

இந்தத் தடவை கருங்கல். அரை அடி பள்ளம் எடுத்து, அடியைத் திமிசு போட்டு இறுக்கி, பெரிய கல்லை அடியில வெச்சேன். சுவரோட அடி அகலம் உயரத்துல பாதியாவது இருக்கணும். நேரா நிமிர்த்திக் கட்டாம, ஒரு அடிக்கு ரெண்டு அங்குலம் மண்ணுப் பக்கமா சாய்ச்சுக் கட்டணும். ஒரு கல்லோட சந்து மேல அடுத்த கல்லு உட்காரணும், செங்கல் கட்டுல பண்ற மாதிரியே.

சுவருக்குப் பின்னாடி நேரா மண்ணு போடக் கூடாது. ஒரு அடி அகலத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவுல வடிகட்டித் துணி, அது இல்லாட்டி மண்ணு இறங்கி ஜல்லியை அடைச்சுடும். தண்ணி ஜல்லி வழியா விறுவிறுன்னு கீழ இறங்கும். அது வெளிய வர, சுவரோட அடியில நாலு அடிக்கு ஒரு பிவிசி பைப் துண்டு, முன்பக்கமா லேசா சாய்ச்சு. இந்த ஓட்டைதான் சுவரோட உயிர். பூசும்போது அழகா இல்லன்னு யாராவது அடைச்சுடப் போறாங்க, பக்கத்துலயே நில்லுங்க.

இங்க ஒரு லோக்கல் விஷயம். நான் பார்த்த வெளிநாட்டு வீடியோ எல்லாத்துலயும் சிமெண்ட் இல்லாம கல்லை அடுக்கி விட்டுடறாங்க. பார்க்க அழகு. நானும் அப்படித்தான் பிளான் போட்டேன். அப்பாயி வாசப்படியில இருந்து பார்த்துட்டு, "ஏண்டி, இந்த இடுக்கெல்லாம் பூச்சி பொட்டு வந்து அடையாதா?"ன்னு கேட்டாங்க. நம்ம ஊர்ல பூச்சின்னா என்னன்னு தெரியும்ல, பேரைச் சொல்ல மாட்டாங்க. வயக்காட்டுப் பக்கம் இருக்கற ஊர்ல கல்லு இடுக்கு பாம்புக்கும் தேளுக்கும் வாடகை இல்லாத வீடு. அதனால முன்பக்கச் சந்தெல்லாம் சின்னக் கல்லும் கலவையும் வெச்சு அடைச்சாச்சு. பைப் வாயில கம்பி வலை. அந்த வீடியோக்காரருக்கு இந்தக் கவலை இல்ல, நமக்கு உண்டு.

ஒரு எச்சரிக்கை. நான் சொல்றது எல்லாம் ரெண்டு அடி வரைக்கும் உள்ள சுவருக்கு. மூணு அடியைத் தாண்டுனாலோ, வீட்டுக் கடக்காலை ஒட்டித் தோண்டுறதா இருந்தாலோ, பக்கத்து வீட்டு காம்பவுண்டு சுவரு கிட்ட வந்தாலோ நீங்களா பண்ணாதீங்க. சிவில் இன்ஜினியர் ஒருத்தரைக் கூப்பிடுங்க. நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ், அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

தண்ணிக்கு ஒரு பாதை

மொதல்ல மாடித் தண்ணியை மண்ணு மேல ஊத்தறதை நிறுத்துனேன். 50 மில்லிமீட்டர் மழைக்கு அந்த 500 சதுர அடியில இருந்து மட்டும் 2,300 லிட்டர் வருது. அதைப் பைப் போட்டு, ஜல்லி, மணல் வடிகட்டி வழியா பழைய வீட்டுக் கிணத்துக்கு விட்டாச்சு. தமிழ்நாட்டுல 2003லயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்குனாங்க. எங்க வீட்டுலயும் பைப் இருந்துச்சு. அது எங்க போய் முடியுதுன்னு மட்டும் யாரும் பார்க்கல.

ஒவ்வொரு தட்டும் முழுத் தட்டை இல்ல. 100 அடிக்கு ஒரு அடிங்கற கணக்குல பக்கவாட்டுல லேசா சாயும். அந்தப் பக்கம் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு சின்ன வாய்க்கால், அடியில கல்லு பாவி. தட்டுல இருந்து தண்ணி அதுக்கு வர ஒவ்வொரு இடத்துலயும் ஒரு மடை. சுவரு இருக்கற இடத்துல தண்ணி ஒன்றரை அடி கீழ விழும், விழுற இடத்துல மண்ணு பறிக்கும். அங்க ஒரு பலகைக் கல்லு போட்டேன்.

வாய்க்கால் போய் முடியறது கடைசித் தட்டோட மூலையில ஒரு உறிஞ்சு குழியில. வீட்டுல இருந்து தள்ளி, பக்கத்து வீட்டுச் சுவருல இருந்தும் தள்ளி. குழி நிறைஞ்சா மிச்சத் தண்ணி பக்கத்து சந்துல இருக்கற மழைநீர் ஓடைக்குப் போக ஒரு பைப். கீழ் வீட்டுக்கு ஒரு சொட்டு போகாது. குழியைத் தோண்டறதுக்கு முன்னாடி அத்தையைக் கூப்பிட்டுக் காட்டிட்டுத்தான் தோண்டுனேன். அவங்க ரெண்டு அடி நகர்த்தச் சொன்னாங்க, அந்தப் பக்கம் அவங்க தென்னை இருக்காம். நகர்த்தியாச்சு. குழியில தண்ணி தேங்கி நின்னா கொசு. அதனால மேல வரைக்கும் ஜல்லி போட்டு மூடிட்டேன்.

படி

இதெல்லாம் யாருக்காகன்னு ஆரம்பிச்சோம்? அப்பாயிக்காக.

சக்கர நாற்காலி போற சரிவுக்கு ஒரு அடி இறங்க 12 அடி நீளம் வேணும். 4 அடிக்கு 48 அடி, எங்க கொல்லையே 40தான். அதனால வீட்டை ஒட்டின அரை அடிக்கு மட்டும் 6 அடி நீளத்துல சாய்தளம், மத்த இடத்துல படி. வயசானவங்களுக்கு ஏறி இறங்க நாலரை அங்குல உயரம், 14 அங்குல அகலம். ஒன்றரை அடிச் சுவருக்குச் சரியா நாலு உயரம் வருது.

நேரா இறக்குனா படியே தட்டோட நடுவுல வந்து இடத்தை அடைக்குது. இதுக்கு விடை எனக்குக் கிடைச்சது திருவெள்ளறையில. எங்க ஊர்ல இருந்து துறையூர் ரோட்டுல போனா வர்ற ஊரு. பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துல ஸ்வஸ்திக் வடிவக் கிணறு இருக்கு, நாலுமூலைக் கேணின்னும் சொல்லுவாங்க. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துல, ஆலம்பாக்கத்தைச் சேர்ந்த கம்பன் அரையன் கட்டுனது. அவரோட நாலாம் ஆட்சியாண்டுல ஆரம்பிச்சு அஞ்சாம் ஆண்டுல முடிச்சாங்கன்னு கல்வெட்டே சொல்லுது. மார்ப்பிடுகு பெருங்கிணறுன்னு பேரு. சுமார் 1,200 வருஷம் ஆச்சு. நாலு பக்கமும் படி, ஒவ்வொண்ணும் நேரா இறங்காம ஒரு திருப்பம் திரும்பி இறங்குது. சின்ன வயசுல இருந்து எத்தனையோ தடவை போயிருக்கேன், ஒரு தடவை கூட படியைப் பார்க்கல. படியைத் திருப்பிட்டா, அகலத்துக்குள்ள நீளத்தை ஒளிச்சு வெச்சுடலாம். நானும் படியை சுவரை ஒட்டிப் பக்கவாட்டுல இறக்குனேன். தட்டு முழுசா மிச்சம். ஒரு பக்கம் ஜிஐ பைப்ல கைப்பிடி. படி மேல சொரசொரப்பான கல்லு. பாலிஷ் டைல்ஸ் போட்டா மழையில மறுபடியும் வழுக்கும், தயவு செஞ்சு போடாதீங்க.

செடி

மண்ணைப் பிடிக்கறதுக்குச் சுவரு பாதி, வேரு பாதி. கடைசி வரப்புல வெட்டிவேர் நட்டேன், அரை அடிக்கு ஒண்ணு, நெருக்கமா, ஒரே வரிசையில. அதோட வேரு பக்கவாட்டுல பரவாம நேரா கீழ இறங்கும், நல்ல மண்ணுல 10 அடி கூடப் போகும். இங்கிலீஷ்ல அதுக்கு இருக்கற பேரே நம்ம வெட்டிவேர்ங்கற சொல்லுல இருந்து போனதுதான். மண்ணரிப்பைத் தடுக்க 1980கள்ல இருந்து உலக வங்கி இதைப் பல நாட்டுல பரப்புச்சு. ஆனா கர்நாடகாவுல குண்டலுப்பேட்டை விவசாயிங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே வரப்புல வேலியா நட்டு வெச்சிருந்தாங்க. அப்பாயி இப்பவே பானைத் தண்ணியில போட வேரு கேக்கறாங்க. வேரைத் தோண்டுனா வரப்பு போயிடும்னு சொல்லி ரெண்டு தூரைத் தனியா தொட்டியில வெச்சுக் கொடுத்தேன்.

சுவரை ஒட்டிப் பெரிய மரம் வேண்டாம். அங்க கனகாம்பரம், மருதாணி, துளசி போதும். முருங்கை, எலுமிச்சை எல்லாம் சுவருல இருந்து தள்ளி, தட்டோட நடுவுல. கறிவேப்பிலையை மேல் தட்டுக்கு கொண்டு வந்தாச்சு. உறிஞ்சு குழி ஓரம் எப்பவும் ஈரமா இருக்கும், அங்க வாழையும் சேம்பும்.

கடைசியா எங்க ஊர் சரக்கு: உமி. அரவை மில்லு இருக்கற ஊர்ல உமிக்குப் பஞ்சமா? புதுசா வெட்டுன தட்டு வெறும் மண்ணா இருந்தா மொத மழைத்துளியே அதை அடிச்சுக் கரைக்கும். ரெண்டு அங்குலம் உமி பரப்புனா அந்த அடி மண்ணு மேல விழாது, ஈரமும் காயாது. பரப்புறதுக்கு முன்னாடி நனைச்சுக்கோங்க, இல்லன்னா காத்துல பறக்கும். கருக்குன உமியைக் களிமண்ணுல கலந்தா மண்ணு இலகுவாகும், தண்ணி இறங்கும். உங்க ஊர்ல உமி இல்லன்னா தென்னை நாரு, காஞ்ச சருகு, கரும்புத் தோகை, எது சும்மா கிடைக்குதோ அது.

மழை வந்தப்ப

ஐப்பசி வந்துச்சு. மொத பெரிய மழை ராத்திரி பதினொண்ணு மணிக்கு. குடையும் டார்ச்சும் எடுத்துட்டு கொல்லையில நின்னேன். பைப் ஒவ்வொண்ணுல இருந்தும் தண்ணி விரல் கனத்துக்கு ஒழுகிட்டு இருந்துச்சு. தெளிவான தண்ணி, மண்ணு இல்ல. ஒரே ஒரு இடத்துல மட்டும், ரெண்டாவது தட்டு மடையில, தண்ணி வாய்க்காலை விட்டு வெளிய வழிஞ்சுது. மடை அகலம் பத்தல. மறுநாள் கடப்பாரை எடுத்து அகலப்படுத்துனேன். விழல, ஆனா பர்பெக்டும் இல்ல. அது பரவால்ல, தப்பு கண்ணுக்குத் தெரியற இடத்துல நடந்துச்சு.

கீழ் வீட்டுப் பக்கம் டார்ச் அடிச்சப்ப, அங்கயும் ஒரு டார்ச் எரிஞ்சுது. அத்தையும் குடை பிடிச்சுட்டு வந்து பார்த்துட்டு நின்னாங்க. "வரல பாப்பா, போய்ப் படு"ன்னாங்க.

அப்பாயி மழை விட்ட அன்னைக்கு இறங்குனாங்க. கைப்பிடியைப் பிடிச்சு, ஒவ்வொரு படியா. கீழ போய் செம்பருத்தி பறிச்சுட்டு, மேல வந்து மொத வேலையா கறிவேப்பிலையை இடம் மாத்துனதுக்கு என்னைத் திட்டுனாங்க. அது அங்கயே நல்லாத்தான் இருந்துச்சாம்.

உங்ககிட்ட சரிவான கொல்லை இருந்தா, உடனே கல்லு வாங்கப் போகாதீங்க. அடுத்த மழைக்கு ஒரு குடை எடுத்துட்டு வெளிய போங்க. தண்ணி எங்க இருந்து வருது, எங்க வேகமாப் போகுது, எங்க நிக்குது, கடைசியா யாரு வீட்டுக்குப் போகுதுன்னு ஒரு பேப்பர்ல வரைங்க. அந்த வீட்டுக்காரங்ககிட்ட ஒரு தடவை பேசுங்க. அதுக்கப்புறம் டியூப் லெவல், அதுக்கப்புறம் மண்வெட்டி. சுவரு எல்லாம் கடைசி.

உங்க கொல்லையோட வரைபடத்தை எனக்கு அனுப்புங்க, விழுந்த சுவர் போட்டோ இருந்தா அதையும் அனுப்புங்க, துணைக்கு நான் இருக்கேன். அடுத்த எபிசோட்ல வேற ஒரு விஷயத்தோட சந்திப்போம். அது வரைக்கும், பார்த்து நடங்க. வழுக்கும்.